கேஸ் அடுப்பின் மேல் போட்ட பழி

4 மார்ச் 1981, புதன்

இன்றும் வத்தக் குழம்பு. இன்றும் மண். சுண்டைக்காய் வத்தல், பூண்டு, மேலே மிதக்கிற நல்லெண்ணெய் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது, வாய்க்குத் தெரியவில்லை. புளிக்கிறது, உறைக்கிறது, உப்பு இருக்கிறது. அவ்வளவுதான். பதினாறு வருஷமாக இந்தக் குழம்பை நினைத்துக்கொண்டு மில்லிலிருந்து சைக்கிள் மிதித்து வந்தவன் நான். என்ன ஆச்சு இந்தக் கமலவேணிக்கு?

கேட்டேன். "எப்பவும் போலதாங்க வெச்சேன்" என்றாள். எப்பவும் போல வைத்தால் எப்பவும் போல இருக்க வேண்டாமா?

கேஸ் அடுப்பு வந்து இன்றோடு நாலு வாரம். அவளுக்கு இழுப்பு இருக்கிறது, புகையில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதற்காக ஐந்து வருஷம் பதிந்து வைத்துக் காத்திருந்து வாங்கினது. இப்போது குச்சியைக் கிழித்தால் நெருப்பு. வேலை சுலபமானதும் கவனம் போய்விட்டது போலிருக்கிறது.

தலையில் தையல் பிரித்து ஒரு வாரம் ஆகிறது. மாசி மகத்துக் கூட்டத்தில், மணிக்கூண்டு கிட்ட, மாட்டு வண்டியில் சைக்கிள் இடித்து மல்லாக்க விழுந்தேன். பின்மண்டையில் நாலு தையல். இப்போது வலி இல்லை. சளி பிடித்த மாதிரியும் இல்லை, மூக்கு நன்றாகத் திறந்திருக்கிறது. குறை என்னிடம் இல்லை.

6 மார்ச், வெள்ளி

ரசம். வெந்நீரில் புளி.

11 மார்ச், புதன்

சண்டை.

சாம்பாரைத் தட்டோடு தள்ளிவிட்டேன். தள்ளினேன், வீசவில்லை. "கடையில பொடி வாங்கிப் போடுறியா?" என்று கேட்டதற்குக் கமலாவுக்குக் கண் சிவந்துவிட்டது. அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். "மோந்து பாருங்க. காலையில அரைச்ச மல்லி வாசனை இன்னும் போவல, மோந்து பாருங்க!" என்றாள். குழவியை மோந்து பார்க்கிற அளவுக்கு நான் இன்னும் இறங்கிவிடவில்லை. எழுந்து கை கழுவிவிட்டேன்.

"நல்லாத்தாம்பா இருக்குது" என்று அஞ்சலாட்சி ஓரமாக உட்கார்ந்து சொல்கிறது. பத்தாவது பரீட்சைக்குப் படிக்கிற பெண் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டு அம்மாவுக்கு வக்காலத்து. இரண்டு பேரும் கூட்டு.

14 மார்ச், சனி

காலை ஷிப்ட். எழுந்தபோது கரண்ட் இல்லை. இருட்டில் ஒரு டம்ளர் கொடுத்தாள். குடித்துவிட்டு, "காபி சுமார்" என்றேன். "அது டீங்க. பால் பத்தல, டீ போட்டேன்" என்றாள். சிரிப்பு வேறு.

டீயை டீ மாதிரிப் போட்டால் குடிக்கிறவனுக்குத் தெரியாதா?

15 மார்ச், ஞாயிறு

செல்வாம்பாள் அக்கா நெல்லித்தோப்பிலிருந்து வந்திருந்தாள். சங்கரா மீன் குழம்பு. நான் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "இன்னாடா தம்பி, சோத்தக் கலைச்சிக்கினு கீழ மேல பாக்குற?" என்றாள். சொன்னேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அக்கா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். "கேஸு! அது நீல நெருப்புடா. அதுல சூடு ஏறும், மணம் ஏறாது. சவுக்குக் கட்டையில வெந்ததுக்கும் இதுக்கும் இன்னா பொருத்தம்?"

அட, ஆமாம்! மில்லில் முருகையன்கூட இதைத்தான் சொல்வான், அவன் பக்கத்து வீட்டில் கேஸ் வந்த பிறகு ஒருவரும் சோறு சரியாகத் தின்பதில்லை என்று. பிரெஞ்சுக்காரன் காலத்தில் செர்த்திபிக்கா பரீட்சை பாஸ் பண்ணினவன் என்று பெயர், எனக்கு இது தோன்றவில்லையே.

உள்ளே இருந்து கமலாவின் குரல்: "அப்ப இந்தக் கொழம்ப நீங்க மட்டும் மூணு தரம் வாங்கி ஊத்திக்கினீங்களே அண்ணி." அக்காவுக்கு அது காதில் விழவில்லை.

22 மார்ச், ஞாயிறு

அடுப்பும் சிலிண்டரும் போயாச்சு. ரிக்‌ஷாவில் ஏற்றி நானே நெல்லித்தோப்பில் இறக்கிவிட்டு வந்தேன். "எங்களுக்கு ருசி இன்னாடா ருசி, எதக் குடுத்தாலும் தின்னுடுவோம்" என்று அக்கா சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். அவள் மருமகள் அப்போதே பால் வைத்துவிட்டாள்.

கமலா தடுக்கவில்லை. ரெகுலேட்டரைக் கழற்றும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்ப எனக்கு மூச்சு?"

"இத்தினி வருஷம் வெறகுல ஆக்கலியா நீ?" என்றேன்.

நன்றாக ஊதிவிட்டு, காய்ந்த கட்டையாகப் பார்த்து வைத்தால் புகை வராது. காய்ந்த சவுக்கு நானே பார்த்து வாங்கிப் போட்டிருக்கிறேன். இதற்கு மேல் ஒருத்தன் என்ன செய்வான்?

23 மார்ச், திங்கள்

வந்துவிட்டது! நான் சொன்னேன் இல்லையா!

மண் சட்டியில், விறகில், அதே வத்தக் குழம்பு. முதல் கவளத்திலேயே தெரிந்துவிட்டது. பூண்டு, வெந்தயம், அந்தத் தீய்ந்த எண்ணெய் வாசம், எல்லாம். இரண்டு தரம் சோறு வாங்கினேன். "பாத்தியா?" என்றேன். கமலா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருந்தா சரி" என்றாள். புகை கண்ணில் பட்டிருக்கிறது.

27 மார்ச், வெள்ளி

இல்லை. போய்விட்டது. நேற்றும் இல்லை, முந்தாநாளும் இல்லை. திங்கட்கிழமை இருந்தது செவ்வாய்க்கிழமை எங்கே போயிற்று?

வேண்டுமென்றே செய்கிறாளா? கேஸ் போன கோபமா? கேட்கவில்லை. கேட்டால் வீடு இரண்டாகும். அவள் இருமிக்கொண்டே இருக்கிறாள், அந்தச் சத்தத்தில் சாப்பிடவே எரிச்சலாக வருகிறது.

5 ஏப்ரல், ஞாயிறு

அக்கா வீட்டில் சாப்பிட்டேன். கருவாட்டுக் குழம்பு. வாசலுக்கு வெளியிலேயே மணக்கிறது என்று வழியில் போன ஒருவன் சொல்லிவிட்டுப் போனான். எனக்கு ஒன்றுமில்லை. சரி, அது கேஸில் செய்தது. அப்படித்தான் இருக்கும்.

ஆனால் வழியில் போனவனுக்கு எப்படி மணந்தது?

14 ஏப்ரல், செவ்வாய்

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி நன்றாக இருந்தது. நிஜமாகவே நன்றாக இருந்தது. வெல்லம் தித்தித்தது, மாங்காய் புளித்தது, வேப்பம்பூ கசந்தது, ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. கிண்ணத்தோடு வாங்கிக்கொண்டேன். கமலா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "இது ஒண்ணு மட்டும் எப்பிடிங்க நல்லா இருக்குது?" என்று கேட்டாள்.

எனக்கு எப்படித் தெரியும்? நீதானே செய்தாய்!

26 ஏப்ரல், ஞாயிறு

அசிங்கமாகிவிட்டது.

முருகையன் பெண் கல்யாணம். கொட்டாய் போட்டு, பின்பக்கம் கோட்டை அடுப்பு வெட்டி, விறகில் ஆக்கின விருந்து. சாம்பாருக்கு அடித்துக்கொள்கிறார்கள். என் இலையில் விழுந்தது பருப்புத் தண்ணீர். பாயசம் வெறும் சர்க்கரை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பரிமாற வந்தவனிடம், "இன்னாய்யா ஆக்கி வெச்சிருக்கிறீங்க, ஊரக் கூட்டி வெச்சு இப்பிடியா போடுவீங்க?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பக்கத்து இலைக்காரர் ஏலக்காய் வாசனை தூக்குகிறது என்று அப்போதுதான் மூன்றாவது தரம் பாயசம் கேட்டுக்கொண்டிருந்தார்.

முருகையன் கைலாகு கொடுத்து என்னைப் பந்தலுக்கு வெளியே அழைத்துக்கொண்டு போனான். "யோவ் அரிகிருஷ்ணா, எம்பொண்ணு கல்யாணத்துலயா? ஐநூறு பேரு நல்லா இருக்குதுன்றான், நீ ஒருத்தன் இல்லன்ற. உன் நாக்கு செத்துப் போச்சுய்யா. போய் யார்னா டாக்டரப் பாரு" என்றான்.

நாக்கு எப்படிச் சாகும்? உப்பு தெரிகிறது, புளிப்பு தெரிகிறது. கண்ணாடியில் நீட்டிப் பார்த்தேன். சிவப்பாக, சுத்தமாக இருக்கிறது.

7 மே, வியாழன்

கமலாவும் அஞ்சலாட்சியும் பாகூருக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போனார்கள். பரீட்சை லீவு என்று பெயர். நிஜம் வேறு. இரண்டு நாளாக அவளால் படுக்க முடியவில்லை, சுவரில் சாய்ந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். நாலு நாள் புகையில்லாமல் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். புகை என்ற வார்த்தையை என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

காரப்பொடி மீன் குழம்பு செய்து மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். "நாளைக்குள்ள தீத்துடுங்க, தெனம் ரெண்டு வேள சுட வையுங்க" என்று இரண்டு தரம் சொன்னாள். நான் என்ன குழந்தையா?

10 மே, ஞாயிறு

நேற்று மத்தியானத்திலிருந்து வாந்தியும் பேதியும். குழம்பு நன்றாகத்தானே இருந்தது? நன்றாக என்றால், வழக்கம்போல ஒன்றுமில்லாமல் இருந்தது.

11 மே, திங்கள்

பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியனுப்பி, கமலா காலை பஸ்ஸில் வந்துவிட்டாள். கதவுக்குள் கால் வைத்ததும் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டாள். நேராகப் போய்ச் சட்டியைத் திறந்தாள். திறந்த வேகத்தில் மூடினாள்.

"இதயா தின்னீங்க?"

"சனிக்கிழம மத்தியானம். ஏன்?"

"தெரு முனையிலயே நாறுதுங்க. புழு வெக்கிற பக்குவத்துல இருக்குது. இத எப்பிடிங்க வாயில வெச்சீங்க?"

நான் எழுந்து போய்ச் சட்டிக்குள் முகத்தை விட்டேன். இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. காற்று. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய், கற்பூரம், வெந்தயப் பொடி, மண்ணெண்ணெய் பாட்டில் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து என் மூக்குக்குக் கீழே நீட்டினாள். காற்று. காற்று. காற்று.

மண்ணெண்ணெய்கூடத் தெரியவில்லை எனக்கு.

15 மே, வெள்ளி

டாக்டர் தெய்வசிகாமணியிடம் போனோம். பழைய காலத்து மனிதர், "அசெயே" என்று பிரெஞ்சில் உட்காரச் சொல்லி ஸ்டூலைக் காட்டினார். கண்ணைக் கட்டச் சொல்லி, காபிப் பொடி, கிராம்பு, சோப்பு என்று மோந்து பார்க்கச் சொன்னார். எல்லாம் காற்று. கடைசியாக நவச்சார ஆவியைக் காட்டினார், கண்ணில் தண்ணீர் கொட்டியது. "தெரியுது சார், தெரியுது!" என்று கத்தினேன். "அது எரிச்சல். எரிச்சலுக்கு நரம்பு வேற. அது உங்களுக்கு நல்லா இருக்குது" என்றார்.

பிறகு விளக்கினார். மூக்கின் மேல்கூரையில் சல்லடை மாதிரி ஓர் எலும்பு. அதன் ஓட்டைகள் வழியாக நூல் நூலாக நரம்பு மூளைக்குப் போகிறது. பின்மண்டையில் அடிபட்டால் மூளை ஒரு குலுக்குக் குலுங்கும், அந்த நூல்கள் அறுந்துவிடும். மில்லில் தறியில் பாவு நூல் அறுந்தால் முடிச்சுப் போட ஆள் இருக்கிறது. இதை யார் முடிச்சுப் போடுவது?

"சார், எனக்குப் போனது வாசனை. ருசி ஏன் போகணும்?" என்று கேட்டேன். கோபமாகவே கேட்டேன்.

"நாக்கு நாலு சேதிதான் சொல்லும். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு. மத்ததெல்லாம் மூக்கு. நீங்க மெல்லும்போது வாசனை தொண்டைக்குப் பின்னால ஏறி மூக்குக்குப் போவுது. நாக்கு சொல்றது, மூக்கு சொல்றது, பல்லுல கடிபடுற சத்தம், கண்ணு பாத்த கலர், எல்லாத்தயும் மூளை ஒண்ணாச் சேத்து, இதுதான் வத்தக் கொழம்புன்னு ஒரு முடிவுக்கு வருது. வந்துட்டு, அது நாக்குலதான் நடந்துச்சுன்னு உங்கள நம்ப வெச்சிடுது. ருசி மண்டைக்குள்ளதான் உண்டாவுது."

மார்ச் இருபத்துமூன்றாம் தேதி எனக்கு ருசி வந்ததே, அது என்ன என்று கேட்டேன். டாக்டர் சிரித்தார். "அன்னிக்கு வரும்னு நீங்க உறுதியா நம்பியிருக்கிறீங்க. மூளை பழைய ஞாபகத்த எடுத்துப் பரிமாறிடுச்சு."

திரும்ப வருமா? சிலருக்கு ஆறு மாதத்தில், ஒரு வருஷத்தில் வரும். சிலருக்கு வராது. மருந்து கிடையாது. புறப்படும்போது, "வீட்டுல கேஸ் இருந்தா ஜாக்கிரதை, கசிஞ்சா உங்களுக்குத் தெரியாது" என்றார். கேஸ் இல்லை சார், கொடுத்துவிட்டோம் என்றேன். "நல்லதாப் போச்சு" என்றார். கமலா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

16 மே, சனி

இந்த டைரியைத் திருப்பிப் பார்த்தேன். பிப்ரவரி எட்டாம் தேதி, என் கையெழுத்தில்: 'கேஸில் முதல் மீன் குழம்பு. பிரமாதம். கமலா இன்று ஒரு தரம்கூட இருமவில்லை.'

நானே எழுதியிருக்கிறேன். கேஸ் வந்து இரண்டு வாரம் தட்டை வழித்து வழித்துத் தின்றிருக்கிறேன். விழுந்தது அதற்கப்புறம். விழுந்த அன்றிலிருந்துதான் எல்லாம். இதைத் திருப்பிப் பார்க்க எனக்கு மூன்று மாதம் ஆகியிருக்கிறது. என்னடா மனுஷன் நீ? மண்டைய ஒடச்சிக்கினது நீ, அடுப்பத் தூக்கிக் குடுத்தது நீ, இருமுறது அவ.

17 மே, ஞாயிறு

நெல்லித்தோப்பு போனேன். அக்காவிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவள், நான் அடுப்பைப் பற்றி வாயெடுத்ததும் முகத்தை மாற்றிக்கொண்டாள்.

"குடுத்த பொருளத் திருப்பிக் கேக்குறியேடா! மருமவ மூணு மாசம் முழுகாம இருக்குறா. வாந்தி எடுக்குறவளப் புகையில தள்ளச் சொல்றியா?"

"கமலாவுக்கு இழுப்புக்கா."

"அன்னிக்கு அது உனக்குத் தெரியலியா?"

மருமகள் காபி கொண்டுவந்து கொடுத்தாள். சூடாக இருந்தது, கசந்தது. குடித்துவிட்டு வந்துவிட்டேன். புதிதாகப் பதிந்தால் மறுபடி நாலைந்து வருஷம் என்று ஏஜென்சியில் சொல்லிவிட்டார்கள். பதிந்துவிட்டுத்தான் வந்தேன்.

20 மே, புதன்

கமலா இன்று ஒரு காரியம் செய்தாள். எல்லாரும் சாப்பிட்டானதும் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள், இடது கையால் மூக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். அஞ்சலாட்சி சிரித்தது. கமலா சிரிக்கவில்லை. நாலு கவளம் தின்றுவிட்டுக் கையை எடுத்தாள்.

"இவ்ளோதானாங்க உங்களுக்கு?"

"இவ்ளோதான்."

"புளித் தண்ணியில நனைச்ச துணியாட்டம் இருக்குது" என்றாள். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஆனா ஒரு வார்த்த மோந்து பாருங்கன்னு அன்னிக்கே சொன்னேன்" என்றாள்.

சொன்னாள். குழவியைத் தூக்கிக்கொண்டு வந்து சொன்னாள்.

2 ஜூன், செவ்வாய்

மூன்று மாதத்தில் எட்டு கிலோ குறைந்திருக்கிறேன். பசிக்கிறது, தட்டு முன்னால் உட்கார்ந்ததும் போய்விடுகிறது. கடித்தால் சத்தம் வருகிற பண்டம்தான் கொஞ்சம் இறங்குகிறது. அப்பளம், வறுத்த நெத்திலி. மில்லில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மண்ணெண்ணெயை ஊற்றிக் கொடுத்து ரசம் என்று சொன்னால் குடித்துவிடுவான் என்று கேலி. சிரிக்கட்டும். அவர்கள் வீட்டில் போய் வறுத்த மீன் வாசனையில் உட்காரப் போகிறவர்கள்தானே.

9 ஜூன், செவ்வாய்

வீடு தீப்பிடித்தது என்று நினைத்தேன்.

சாயங்காலம் திடீரென்று நாற்றம். கருகின பெல்ட் நாற்றம், மில்லில் தறி பெல்ட் தேய்ந்து எரியுமே, அதுவேதான். மூன்றரை மாதத்துக்குப் பிறகு முதல் வாசனை, அதுவும் எரிகிற வாசனை! சமையல் கட்டுக்குள் ஓடிப்போய்க் குடத்துத் தண்ணீரை அப்படியே அடுப்பின் மேல் கொட்டிவிட்டேன். கொதித்துக்கொண்டிருந்த சோறு, எரிந்துகொண்டிருந்த விறகு, எல்லாம் போச்சு. சாம்பலும் ஆவியும் புகையும் கிளம்பி, உள்ளே நின்ற கமலா இருமி இருமிப் புழக்கடைக்கு ஓடினாள்.

ஒன்றும் எரியவில்லை. யாருக்கும் எந்த நாற்றமும் வரவில்லை. எனக்கு மட்டும் இப்போதும் வந்துகொண்டிருக்கிறது, இதை எழுதுகிறபோதும்.

12 ஜூன், வெள்ளி

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "இல்லாத வாசனைய மூளை தானா உண்டாக்குது. சேதி வராத தந்தி ஆபீஸ்ல ஒருத்தன் சும்மா தட்டிக்கினு இருக்குற மாதிரி" என்றார். நரம்பு முளைக்கிறதாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாமாம். நல்ல டாக்டர். எதைக் கேட்டாலும் இரண்டையும் சொல்கிறார்.

சும்மா தட்டுகிறவன் மல்லிகைப் பூவைத் தட்டக் கூடாதா? பெல்ட்டைத்தான் தட்டணுமா?

21 ஜூன், ஞாயிறு

காலையில் இட்லிக்கு அடுப்பு மூட்டியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாய்ந்துவிட்டது. பேச்சு வரவில்லை, கையால் காட்டுகிறாள். ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டு, நாலு மணி நேரம் கழித்துத்தான் இழுப்பு அடங்கியது. "இந்தம்மாவ அடுப்புப் பக்கம் விட்டுட்டு, அப்புறம் இங்க தூக்கிக்கினு வராதீங்க" என்று அங்கே இருந்த டாக்டரம்மா என்னைத் திட்டினாள். நன்றாகத் திட்டினாள். இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம்.

திரும்பும்போது அஞ்சலாட்சி அம்மாவோடு ரிக்‌ஷாவில் ஏறிக்கொண்டு, என்னை நடந்து வரச் சொன்னது.

22 ஜூன், திங்கள்

லீவு போட்டேன். நானே அடுப்பு மூட்டினேன். சோறு குழைந்துவிட்டது. குழம்பில் வெந்தயம் தீய்ந்தது எனக்குத் தெரியவே இல்லை. மூன்று பேரும் தின்றோம், இரண்டு பேருக்குத்தான் கசப்புக்கு மேல் என்னவோ தெரிந்தது. பெண் ஹோட்டலில் வாங்கலாமே என்றாள். ஒரு நாள் வாங்கலாம், நாலு வருஷம் வாங்க முடியுமா?

"நாலு பேரு இன்னா சொல்லுவாங்க, ஆம்பள அடுப்புல குந்திக்கினு" என்றாள் கமலா. சொல்லட்டும். அவர்களுக்கா மூச்சு வாங்குகிறது?

28 ஜூன், ஞாயிறு

இன்று ஒரு ஏற்பாடு. அடுப்பைப் புழக்கடையில் வேப்ப மரத்தடிக்கு மாற்றினேன். காற்று எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம், பத்தடி தள்ளி, கமலாவுக்கு ஒரு முக்காலி. நான் கிளறுகிறேன். அவள் அங்கிருந்தே சொல்கிறாள்.

"கடுகு வெடிக்குது. வெந்தயத்தப் போடுங்க... ம்... செவந்துடுச்சு, வெங்காயம், வெங்காயம்! இன்னா பாக்குறீங்க, போடுங்க!"

"போட்டுட்டேன்டி."

"இன்னும் பச்ச வாசன போவல. எறக்காதீங்க."

பத்தடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இவளுக்கு எப்படித் தெரிகிறது? நான் சட்டிக்கு மேலேயே குனிந்து நிற்கிறேன். எனக்குப் பெல்ட்.

மூன்று தரம் சண்டை போட்டுவிட்டோம், ஒரு குழம்பு இறங்குவதற்குள். எதிர் வீட்டு மாடியிலிருந்து யாரோ சிரித்தார்கள். குழம்பு தின்கிற மாதிரி இருந்தது என்று அஞ்சலாட்சி சொன்னாள்.

15 ஜூலை, புதன்

கை சுட்டுக்கொண்டேன். தினம் மில்லுக்கு நேரமாகிவிடுகிறது. வேலை அலுத்துப் போகிறது, தின்பதற்கும் ஒன்றுமில்லை. எனக்கென்று இதில் என்ன இருக்கிறது?

அவள் மூன்று வாரமாகப் படுத்துத் தூங்குகிறாள். சுவரில் சாய்ந்து உட்காரவில்லை.

2 ஆகஸ்ட், ஞாயிறு

ஒன்று கண்டுபிடித்தேன். இவள் இத்தனை வருஷம் எல்லாரும் சாப்பிட்ட பிறகு, ஆறின சோற்றில், சட்டியின் அடியில் ஒட்டியிருந்ததைத்தான் தின்றிருக்கிறாள். தெரிந்துதான் இருந்தது, எல்லா வீட்டிலும் அப்படித்தானே. ஆனால் பரிமாறுகிறவன் நானான பிறகுதான் கண்ணில் பட்டது. தன் குழம்பைச் சுடச்சுடத் தின்னாதவளிடம் போய் நான் ருசி கேட்டுச் சண்டை போட்டிருக்கிறேன்.

இன்று சட்டி இறங்கினதும் முதல் தட்டை அவளுக்கு வைத்தேன். "ஐயோ, இன்னாங்க இது, நீங்க சாப்புடாம" என்று எழுந்தாள். உட்காரச் சொன்னேன். "தின்னுட்டுச் சொல்லு. இன்னா மாதிரி இருக்குதுன்னு ஒண்ணு விடாம சொல்லு" என்றேன்.

வெட்கப்பட்டுக்கொண்டுதான் தின்றாள். முதலில் நல்லா இருக்குது என்பதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. நோண்டி நோண்டிக் கேட்டேன். பிறகு சொன்னாள். பூண்டு முன்னால் வருகிறது, எண்ணெய் நாக்கில் நிற்கிறது, கடைசியில் வெந்தயம் லேசாக வந்துவிட்டுப் போகிறது, சுண்டைக்காயைக் கடித்தால் கமறுகிறது. அதைக் கேட்டுக்கொண்டே நான் தின்றேன். ருசி வந்தது என்று எழுத மாட்டேன், ஒரு தரம் அப்படி எழுதி ஏமாந்தவன் நான். ஆனால் தட்டு காலியாகியிருந்தது.

23 ஆகஸ்ட், ஞாயிறு

அக்கா வந்தாள், சொல்லாமல் கொள்ளாமல். மருமகளுக்கு வளையல் அடுக்கத் தேதி வைத்ததைச் சொல்ல. நேராகப் புழக்கடைக்கே வந்துவிட்டாள். நான் கரண்டியும் கையுமாக நிற்கிறேன். கமலா முக்காலிக்குப் பக்கத்தில் தட்டை வைத்துக்கொண்டு மோர்க்குழம்பு தின்றுகொண்டிருக்கிறாள்.

"ஏன்டி, புருஷன் வயித்தக் காயப் போட்டுட்டு முன்னாடி குந்தித் திங்குறியே, உனுக்கு வெக்கமா இல்ல?"

கமலா பிசைந்த கையோடு எழுந்துவிட்டாள். எனக்குச் சுர்ரென்று வந்தது. அந்த அடுப்பு, அந்தப் புகை, அந்த நீலம் பாய்ந்த உதடு, எல்லாம் வாய் வரைக்கும் வந்தது. அக்காவை என்ன சொல்ல? தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தவன் நான்.

"நீ குந்து கமலா" என்றேன். "அக்கா, அவ தின்னுட்டுச் சொன்னாதான் நான் இன்னா கொழம்பு திங்குறேன்னு எனக்கே தெரியும். நீயும் குந்து, சாப்புடு."

அக்கா உட்காரவில்லை. தேதியைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கமலா உட்கார்ந்தாள். ஒரு கவளம் தின்றாள். நான் கரண்டியோடு காத்துக்கொண்டிருந்தேன்.

"தேங்காயும் சீரகமும் நல்லா எடுத்துக் குடுக்குது" என்றாள். "உப்புதான் ஒரு கல்லு தூக்கல்."

கரண்டியை வழித்து நாக்கில் வைத்தேன். அது எனக்கே தெரிந்தது.